பதினாறில் தாலி, பதினெட்டில் மறுபடியும் வகுப்பறை

2010இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து சனம் மீளக் குடியேறத் தொடங்கிய நேரம், வட இலங்கையில், வன்னியில் ஒரு பாடசாலைக்குக் கணிதம் படிப்பிக்கப் போனேன். கூரை இல்லை, தறப்பாள்தான். சாதாரண தர (பதினொராம் ஆண்டு) வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் பதினெட்டு வயது. கழுத்தில் மஞ்சள் கயிறு. அதைச் சட்டைக்குள் மறைத்துப் போட்டிருந்தாள்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். போரின் கடைசி ஆண்டுகளில் புலிகள் வீட்டுக்கு ஒருவரைக் கட்டாயமாகக் கேட்டார்கள். கல்யாணம் முடித்தால் விட்டுவிடுவார்கள் என்று நம்பி, பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகத் தாலி கட்டி வைத்தார்கள் பெற்றோர். சட்டப்படி 18 வயது ஆகவேண்டும் என்பதால் பதிவும் இல்லை. இவளுடைய கணவன் 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனான். அவனுக்கும் பத்தொன்பது வயதுதான். கல்யாணப் பதிவும் இல்லை, மரணச் சான்றிதழும் இல்லை. கையில் எட்டு மாதக் குழந்தை.

ஒரு நாள் வேகம், தூரம், நேரம் படிப்பித்தேன். ஒலியின் வேகத்தைச் சொல்ல வாயெடுத்ததும் பின்வாங்கிலிருந்து ஒரு பெடியன், "செல் குத்துற சத்தம் கேட்டவுடனே எண்ணத் தொடங்கவேணும் ரீச்சர், எத்தனை எண்ணிறதுக்குள்ள விழுதெண்டு பாத்தா எவ்வளவு தூரத்திலயிருந்து அடிக்கிறாங்களெண்டு தெரியும்" என்றான். செல் என்றால் எறிகணை. வகுப்பில் ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. நான் சோக்கை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன்.

அந்தப் பெடியனுடைய முதுகில் செல் துண்டு ஒன்று இன்னும் இருந்தது. எடுக்கப் போனால் கால் வராமல் போகலாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அரை மணித்தியாலத்துக்கு மேல் இருக்க முடியாது அவனால். அதனால் சுவரோடு சாய்ந்து நின்றுதான் எழுதுவான். முதல் கிழமை அது தெரியாமல் "ஏன் எழும்பி நிற்கிறாய், இரு" என்று அதட்டினேன். இன்றுவரை அது மனதை அறுக்கிறது.

* * *

ரீச்சர், நான் உங்களுக்கு முந்தின இடப்பெயர்வுக்காரி. 1995 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணமே வெளிக்கிட்ட இரவு. எனக்குப் பதினைந்து வயது. மழை. நாவற்குழிப் பாலத்தில் ஓர் அடி வைக்கவே நெடுநேரம் ஆனது. சைக்கிளில் அரிசியா, என் புத்தகங்களா என்று வந்தபோது அம்மா புத்தகப் பையை இறக்கி வீதியோரம் வைத்தா. அம்மாவில் பிழை இல்லை. ஆனால் திரும்பித் திரும்பி அந்தப் பையைத்தான் பார்த்துக்கொண்டு போனேன்.

அதற்கு முன்னமே யாழ்ப்பாணத்துக்கு அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, கொஞ்சமாய் மண்ணெண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில் படித்த ஆட்கள் நாங்கள். "அப்படியும் படித்தீர்களே" என்று மெச்சுவார்கள். படிக்க முடியாமல் போனவர்களை யாரும் கேட்பதில்லை. என் வகுப்பில் நாற்பது பேர். பரீட்சை எழுதினது பாதிப் பேர்கூட இல்லை.

இப்பவும் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பை இருக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், பரீட்சைப் பெறுபேறு. அது அங்கே இல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. அப்புறம், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது ரீச்சர்?

* * *

அந்த மார்கழியிலேயே பரீட்சை எழுதினாள் தங்கச்சி. குழந்தையைத் தாய் வாசலில் மரத்தடியில் வைத்திருந்தா, இடைவேளையில் வந்து பால் கொடுத்துவிட்டுப் போய் எழுதினாள். கணிதத்தில் சி. நான்கைந்து வருடம் கழித்து மகனை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது, தகப்பனைப் பற்றிக் கேட்ட இடத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். இருவரும் மேசையில் அதை விரித்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரை இருந்தோம். கடைசியில் அவனுடைய பெயரை எழுதினாள். தொழில் என்ற இடத்தில், "மாணவன்" என்று போட்டாள்.