சிங்கப்பூரில் ஈசூன், உட்லண்ட்ஸ் பக்கம் வீட்டுக்கல்விப் பிள்ளைகளுக்குக் காலை நேர வகுப்பு உண்டா?

ஈசூன் அம்மா
வணக்கம். எங்கள் மகன் அடுத்த ஆண்டு தொடக்கநிலை 1 வயதுக்கு வருகிறான். பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே படிக்கவைக்க, கல்வி அமைச்சிடம் விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்கப் போகிறோம். ஆங்கிலமும் கணக்கும் நான் பார்த்துக்கொள்வேன். அறிவியல் அவன் அப்பா பொறுப்பு. இடிப்பது தமிழ்தான். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம், ஆனால் கட்டுரையும் இலக்கணமும் சொல்லித்தரும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. விசாரித்த துணைப்பாட (டியூஷன்) நிலையங்கள் எல்லாமே பிற்பகலில்தான் வகுப்பைத் தொடங்குகின்றன. சமூக மன்ற வகுப்புகளைப் பார்த்தால் மாலை, இல்லையென்றால் வார இறுதி. காலையில் நடக்கும் தமிழ், நீச்சல், ஓவியம் எதுவானாலும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஒரே சம்பளத்தில் ஓடும் குடும்பம், கட்டணமும் தெரிந்தால் உதவியாக இருக்கும்.

செங்காங் அப்பா
சகோதரி, வகுப்பு தேடுவதற்கு முன் சட்டம் என்ன கேட்கிறது என்று ஒருமுறை பாருங்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2003 முதல் நடப்பில் இருக்கிறது. விதிவிலக்குக் கிடைத்தாலும் உங்கள் மகன் தொடக்கப்பள்ளி முடிவில் வரும் தேசியத் தேர்வான பிஎஸ்எல்இ எழுதியே ஆக வேண்டும், தமிழும் சேர்த்து நான்கு பாடங்கள். அதற்கு முன் தேசியக் கல்வி வினாடி வினாவிலும் தேற வேண்டும். பிஎஸ்எல்இயில் வெறும் தேர்ச்சி போதாது. அந்த ஆண்டு தேசியப் பள்ளிகளில் நான்கு பாடங்களையும் எழுதும் பிள்ளைகளை வரிசைப்படுத்தினால், கீழே இருக்கும் 33 விழுக்காட்டைத் தாண்டி அவன் நிற்க வேண்டும். பள்ளிப் பிள்ளைக்கு இப்படி ஒரு வரம்பு கிடையாது.

இன்னொன்று. குடிமக்களின் பிள்ளைகளுக்குத் தொடக்கப்பள்ளிக் கட்டணம் இல்லை. இதரக் கட்டணம் மாதம் 13 வெள்ளியைத் தாண்டாது. அந்தப் பணத்துக்குப் பயிற்சி பெற்ற தமிழாசிரியர், தன் வயதுப் பிள்ளைகள், வாரம் முழுதும் தமிழ்ப் பாடம் எல்லாம் கிடைக்கிறது. ஒரே சம்பளம் என்று வேறு சொல்கிறீர்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அதே தமிழைக் காசு கொடுத்துத் தேடி அலைவானேன்?

கிராஞ்சி அக்கா
செங்காங் தம்பி, சட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி. அதைத் தெரிந்துகொண்டுதான் நாங்களும் இறங்கினோம். என் மூத்தவள் பிஎஸ்எல்இ முடித்துவிட்டாள், இளையவன் வீட்டில் படிக்கிறான். பள்ளி வேண்டாம் என்பதற்கு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். அதை இந்தப் பெண் நமக்கு விளக்க வேண்டியதில்லை, விண்ணப்பத்தில் அமைச்சுக்கு விளக்குவாள்.

ஈசூன் அம்மா, காலையில் வகுப்பு இல்லை என்பது உண்மைதான். ஆசிரியர் இல்லாமல் இல்லை, காலையில் வருவதற்குப் பிள்ளைகள் இல்லை. எல்லாரும் பள்ளியில் இருக்கிறார்கள். அதனால் ஏற்கெனவே நடக்கும் வகுப்பைத் தேடிக்கொண்டே இருந்தால் கிடைக்காது. நாலைந்து குடும்பம் சேர்ந்துகொண்டு ஒரு ஆசிரியரிடமோ பயிற்றுநரிடமோ போய்க் கேளுங்கள். காலை அவர்களுக்கு ஓய்வு நேரம், பெரும்பாலும் சம்மதிப்பார்கள், கட்டணத்திலும் இறங்கி வருவார்கள். எங்கள் பிள்ளைகள் நீச்சல் கற்றது அப்படித்தான். வார நாள் காலையில் பொது நீச்சல் குளத்தில் முதியவர்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள், பயிற்றுநர் நிதானமாகக் கற்றுத்தருவார். பள்ளி விடுமுறை வரும் ஜூன் மாதமும் நவம்பர், டிசம்பரும் மட்டும் விதிவிலக்கு. அப்போது எங்கு பார்த்தாலும் கூட்டம்.

நூலகத்துக்குத்தான் எங்கள் வீடு அதிகம் போகும். உங்களுக்கு நார்த்பாயிண்டில் ஈசூன் நூலகம் பக்கம். ஆனால் தமிழுக்கு உட்லண்ட்ஸ் வட்டார நூலகம் வரைக்கும் போங்கள், அலமாரி பெரியது. மூன்று வாரம் வைத்துக்கொள்ளலாம்.

அறிவியலுக்கு சுங்கை பூலோ ஈரநிலக் காப்பகம். நுழைவுக் கட்டணம் இல்லை, கிராஞ்சி எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து பஸ் இருக்கிறது. தொடக்கப்பள்ளி அறிவியல் பாடத்திட்டமே பல்வகைமை, சுழற்சி, அமைப்பு, இடைவினை, சக்தி என்று கருப்பொருள்களாகத்தான் பிரிந்திருக்கிறது. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் வடக்கிலிருந்து வலசை வரும் பறவைகள், சேற்றில் தாவும் மீன், உடும்பு, சதுப்புநில மரங்களின் மூச்சுவேர் எல்லாவற்றையும் ஒரே நடையில் காட்டலாம். இளையவன் தகவமைப்பு என்றால் என்ன என்று புரிந்துகொண்டது அங்கேதான். நீர் இறங்கியிருக்கும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போதுதான் சேற்றில் உயிர்கள் தெரியும்.

தேசிய அரும்பொருளகம், ஆசிய நாகரிக அரும்பொருளகம் இரண்டிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்கள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் இலவசம். கேம்பல் லேனில் இருக்கும் இந்திய மரபுடைமை நிலையமும் அப்படித்தான். அங்கே செட்டிநாட்டு மரவாசல் ஒன்று இருக்கிறது, அதன் செதுக்கலைப் பார்த்து வரையச் சொன்னால் ஓவிய வகுப்பு ஆயிற்று.

பிள்ளைகளின் கல்விச் செலவுக்கு அரசாங்கம் கணக்கில் போடும் எடுசேவ் பணத்தையும் மறந்துவிடாதீர்கள். 2014 முதல் பள்ளியில் இல்லாத சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கும் கணக்கு உண்டு. தொடக்கநிலை வயதில் ஆண்டுக்கு 230 வெள்ளி. எந்தச் செலவுக்கு எடுக்கலாம் என்று அமைச்சிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

பொங்கோல் புதியவன்
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் நிரந்தரவாசிகள். எங்கள் மகளுக்கும் இந்த விதிவிலக்கு வாங்க வேண்டுமா?

கிராஞ்சி அக்கா
வேண்டாம் தம்பி. அந்தச் சட்டம் இங்கே வசிக்கும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கானது. ஆனால் பிற்பாடு பள்ளியில் சேர்க்க நினைத்தால் வெளியிலிருந்து இடம் கிடைப்பது சுலபம் இல்லை, அதை யோசித்துச் செய்யுங்கள்.

செங்காங் அப்பா
அக்கா, பொறுமையாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. ஆனால் திரும்பப் படித்துப் பாருங்கள். நூலகம், ஈரநிலம், அரும்பொருளகம், நீச்சல் குளம். இதில் எங்கே ஒரு தமிழ்ப் பிள்ளை வருகிறது? எல்லாம் அம்மாவும் பிள்ளையும் மட்டும் போகும் இடங்கள்.

என் மகள் தொடக்கநிலை 4. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். தாத்தாவிடம்கூட அப்படித்தான். ஆனால் தமிழ் வகுப்பில் அவளோடு உட்காரும் பிள்ளைகளோடு சண்டை போடும்போது தமிழ் வருகிறது. ஆசிரியர் சொன்னதால் எனக்குத் தெரியும். அந்தச் சண்டையை எந்தத் துணைப்பாட நிலையத்தில் வாங்க முடியும்? இந்த ஊரில் நாம் சிறுபான்மை. ஒரு நாளில் பல தமிழ்ப் பிள்ளைகள் ஒரே அறையில் உட்காரும் இடம் பள்ளியின் தமிழ் வகுப்பு ஒன்றுதான். அதிலிருந்து பிள்ளையை எடுப்பதற்கு நான் ஒப்பமாட்டேன். அந்த வகுப்பில் இன்னும் ஓர் இடம் காலியாகிறது என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

தேக்கா வாசகர்
பீட்டி ரோட்டில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறதே, அங்கே சேர்க்க முடியாதா?

தமிழாசிரியர் (ஓய்வு)
ஐயா, அது தங்கள் பள்ளியில் தமிழ் இல்லாத உயர்நிலை மாணவர்கள் போய்ப் படிக்கும் இடம். ஏழு வயதுப் பிள்ளைக்கு ஆகாது.

செங்காங் அப்பாவின் கவலையில் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் தமிழ் கிடையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். பள்ளியில் தமிழ் இல்லாத பிள்ளைகள், பாடம் முடிந்த பிறகு வேறு பள்ளியில் இருக்கும் தமிழ் நிலையத்துக்குப் போகிறார்கள். களைத்துப்போய் வருவார்கள். அவர்களுக்கும் நான் கற்பித்திருக்கிறேன். பள்ளியில் சேர்த்துவிட்டால் தமிழ்த் துணை தானாக வந்துவிடும் என்று எல்லாருக்கும் சொல்ல முடியாது.

ஈசூன் அம்மாவுக்கு ஒன்று. தமிழ் வகுப்பு என்றவுடன் கட்டுரை, இலக்கணம் என்று பயப்படுகிறீர்கள். பிஎஸ்எல்இ தமிழில் வாய்மொழிக்கு 25 விழுக்காடு, கேட்டல் கருத்தறிதலுக்கு 10 விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காதிலும் வாயிலும் இருக்கிறது. வாய்மொழியில் ஒரு பத்தியை வாசிக்க வேண்டும், பிறகு ஒரு காணொளியைப் பார்த்துத் தேர்வாளரோடு உரையாட வேண்டும். அந்த உரையாடலில் தடுமாறும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல் தெரியும். கருத்துச் சொல்லி, காரணம் சொல்லி, "ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை" என்று மறுத்துப் பேசிப் பழக்கம் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குத் துணைப்பாட நிலையம் தேவையில்லை. காலையில் கொஞ்ச நேரம் ஒலி 968 வானொலியில் செய்தி கேட்கட்டும். கேட்டதில் ஒன்றைப் பற்றி இரவுச் சாப்பாட்டில் அவனுடைய கருத்தைக் கேளுங்கள். அவன் ஆங்கிலத்தில் சொன்னால் திட்டாதீர்கள், நீங்கள் தமிழிலேயே தொடருங்கள். வாசிப்புக்குத் தமிழ் முரசு நாளிதழில் ஒரு சின்னச் செய்தி, சத்தமாக. கட்டுரையை நான்காம் நிலை வரும்போது ஓர் ஆசிரியரிடம் விடுங்கள். அமைச்சின் தமிழ்ப் பாடநூல்களும் பயிற்சி நூல்களும் கடையில் கிடைக்கின்றன, இப்போதே வாங்கி நீங்கள் முதலில் படியுங்கள். அதைப் படித்துவிட்டால் இலக்கணத்தைப் பற்றிய பயம் பாதி போய்விடும்.

தெம்பனிஸ் வாசகி
நான் வீட்டில் படித்து வளர்ந்தவள், இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்துக்கும் சொல்கிறேன்.

படிப்பில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. பிடித்ததை நாள் முழுக்கப் படிக்க விட்டார்கள், அதற்கு என் பெற்றோருக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் செங்காங் அண்ணன் சொல்வதும் நடந்தது. என் தமிழ், பெரியவர்களின் தமிழ். அம்மா, பாட்டி, தொலைக்காட்சி. என் வயதுப் பெண்ணோடு தமிழில் பேச எனக்குக் கூச்சமாக இருந்தது, என்ன தொனியில் பேசுவது என்றே தெரியாது. பரதநாட்டிய வகுப்பில் சேர்ந்த பிறகுதான் மாறியது. ஆசிரியை தமிழில்தான் பேசுவார், ஒத்திகைக்கு நடுவில் பெண்கள் எல்லாரும் தமிழும் ஆங்கிலமும் கலந்து கதை அடிப்போம்.

அதனால் ஈசூன் அக்காவுக்கு என் யோசனை: தமிழை நேரடியாகக் கற்பிக்கும் வகுப்பைத் தேடுவதைவிட, தமிழில் நடக்கும் வேறு ஒன்றைத் தேடுங்கள். நடனம், மிருதங்கம், தேவாரம், எதுவானாலும். மாலையில் நடந்தாலும் பரவாயில்லை, பள்ளிப் பிள்ளைகள் அப்போதுதானே வருவார்கள். காலை வகுப்பே வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் வீட்டுக்கல்விப் பிள்ளைகளை மட்டும்தான் பார்ப்பான்.

ஈசூன் அம்மா
தங்கை சொன்னது எனக்குப் புதிது. காலையில் இடம் கிடைத்தால் கூட்டம் இல்லாமல் இருக்கும் என்றுதான் நினைத்தேன், கூட்டம் வேண்டும் என்று யோசிக்கவில்லை.

செங்காங் அண்ணா, காரணம் கேட்டீர்கள். என் மகனுக்குச் சத்தமான இடத்தில் கவனம் நிற்காது. பாலர் பள்ளியில் இருபது பிள்ளைகள் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தான். இரண்டு மூன்று பேர் இருந்தால் நன்றாக விளையாடுகிறான். பெரிய வகுப்பில் தமிழ்ச் சண்டை போடும் நிலையில் அவன் இல்லை. பிற்பாடு வரலாம்.

செங்காங் அப்பா
சொன்னதற்கு நன்றி சகோதரி. அந்தச் சூழலில் நான் இருந்தாலும் யோசித்திருப்பேன். பொதுவாக என் கருத்து மாறவில்லை, பெரும்பாலான தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிதான் சரி என்று சொல்வேன். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வரும்போது பாருங்கள், கதை சொல்வது, பேச்சு என்று எத்தனை போட்டி. பலவற்றுக்குப் பள்ளி வழியாகத்தான் பெயர் கொடுக்க வேண்டும். வீட்டில் படிக்கும் பிள்ளை அங்கே வெளியே நிற்கும். நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஏற்பாட்டாளர்களுக்கு எழுதிக் கேட்க வேண்டிய விஷயம் இது. கேட்காமல் விட்டால் யாருக்கும் தோன்றாது.

கிராஞ்சி அக்கா
அதை ஒத்துக்கொள்கிறேன் தம்பி. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நிகழ்ச்சிகளுக்கு நாங்கள் போவோம், போட்டிக்குள் நுழைய முடிந்ததில்லை. வளர்தமிழ் இயக்கம் அந்த விழாவை ஒருங்கிணைக்கிறது. ஜனவரியிலேயே ஒரு மின்னஞ்சல் எழுதலாம், நான் எழுதுகிறேன். கையெழுத்துப் போட யார் யார் வருகிறீர்கள்?

ஒரு செய்தி மட்டும். ஒரு துணைப்பாட நிலையத்தில் காலை வகுப்புக்கு என்று மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்கிவிட்டு, ஆள் சேரவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். பணம் திரும்ப வரப் பெரும்பாடாயிற்று. யாரானாலும் மாதாமாதம் கட்டுங்கள், மொத்தமாகக் கொடுக்காதீர்கள்.

ஈசூன் அம்மா
மின்னஞ்சலில் என் பெயரையும் சேருங்கள் அக்கா. நாட்டிய வகுப்பு வேண்டாம் என்கிறான், மிருதங்கம் கேட்டுப் பார்க்கிறேன். மாலை வகுப்பு, ஆள் குறைவாக இருந்தால் போதும். உட்லண்ட்ஸ் நூலகத்தில் வாரம் ஒரு காலை, சிறு பிள்ளைகள் பகுதியில், நான்கைந்து தமிழ்ப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்கலாம் என்று நினைக்கிறேன். வர விரும்புகிறவர்கள் சொல்லுங்கள், எந்த நாள் என்று சேர்ந்து முடிவு செய்வோம். ஐயா, மாதம் ஒருமுறையாவது நீங்கள் வந்து பிள்ளைகளோடு பேச முடியுமா? கட்டணம் கொடுக்கிறோம்.

பொங்கோல் புதியவன்
எங்கள் மகளோடு நாங்கள் வருகிறோம். தூரம்தான், பரவாயில்லை.

தமிழாசிரியர் (ஓய்வு)
கட்டணம் வேண்டாம் அம்மா. செவ்வாய், புதன் எனக்கு மருத்துவமனை. வியாழன் என்றால் பத்தரைக்கு வரலாம். பிள்ளைகள் எட்டுப் பேருக்கு மேல் வேண்டாம், ஒவ்வொருவரும் பேச நேரம் கிடைக்க வேண்டும். செங்காங் அப்பா, ஜூன் விடுமுறையில் உங்கள் மகளையும் அழைத்து வாருங்கள். அவளோடு சண்டை போட ஆள் இருக்கும்.

செங்காங் அப்பா
வேலைக்கு விடுப்புக் கேட்டுப் பார்க்கிறேன் ஐயா. இல்லையென்றால் அவளுடைய பாட்டி கூட்டி வருவார்.