மருத்துவமனைக்குப் பின்னால் உர ஆலை?

அத்தை: மருத்துவமனையை ஒட்டிக் காலியாகக் கிடக்கும் நிலத்தில் உர ஆலை வருமாம். கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். யார் யார் வருகிறீர்கள்?

சித்தப்பா: நானும் பார்த்தேன் அக்கா. புகைபோக்கியை நல்ல உயரமாகக் கட்டச் சொன்னால் போதாதா? நாலு பேருக்கு வேலை கிடைக்குமே.

அக்கா: வேலை வரட்டும் சித்தப்பா. என் கவலை உரம் செய்யப் பயன்படும் அம்மோனியா என்ற நச்சு வாயுவின் தொட்டிதான். திரவமாக அடைத்து வைத்திருப்பார்கள். கசிந்தால் குளிர்ந்த மூட்டமாகத் தரையோடு பரவும். புகைபோக்கி உயரம் அதற்கு உதவாது.

நான்: உடனே எல்லோரையும் வெளியேற்றிவிட முடியாதா அக்கா?

அக்கா: ஐசியூவில் வேலை பார்ப்பதால் சொல்கிறேன்டா. வென்டிலேட்டரில் இருக்கும் ஒருவரை நகர்த்த ஒருவர் காற்றுப் பையைக் கையால் அழுத்தி மூச்சு கொடுக்க வேண்டும், ஒருவர் மருந்து பம்புகளைப் பிடிக்க வேண்டும், இன்னும் ஒருவர் சிலிண்டரோடு கட்டிலைத் தள்ள வேண்டும். வார்டு முழுக்க இப்படி என்றால்? அறுவை பாதியில் இருப்பவரை எங்கே கொண்டுபோவது?

அக்கா: அப்புறம், அறுவை அரங்கில் மணிக்குச் சுமார் 20 முறை காற்று மாறும். அதில் ஒரு பங்கு வெளிக்காற்று. ஹெப்பா வடிகட்டி தூசியையும் கிருமியையும்தான் பிடிக்கும், வாயுவை விட்டுவிடும்.

சித்தப்பா: சரிம்மா. எவ்வளவு தூரம் தள்ளிக் கட்டச் சொல்வது?

மாமா: எல்லா ஆலைக்கும் ஒரே அளவு சரிவராது மாப்பிள்ளை. என்ன பொருள், எத்தனை டன், மோசமாகக் கசிந்தால் எதுவரை எட்டும் என்று கணக்குப் போட்டுத்தான் தூரம் சொல்ல வேண்டும். 1976இல் இத்தாலியில் ஒரு ரசாயன ஆலையிலிருந்து நச்சு வாயு கசிந்த செவெசோ விபத்து நடந்த பிறகு ஐரோப்பாவில் தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். இப்போது அங்கே ஆபத்தான ஆலைக்கும் மக்கள் புழங்கும் கட்டடத்துக்கும் போதிய இடைவெளி இருக்கிறதா என்று நிலத் திட்டத்திலேயே பார்க்க வேண்டும். ஆலைக்குப் பக்கத்தில் புதிதாக மருத்துவமனை கட்டினாலும் அதே விதிதான்.

அத்தை: டெக்சஸில் வெஸ்ட் என்ற சிற்றூரில் 2013இல் உரக் கிடங்கு வெடித்ததே, 15 பேர் இறந்தார்கள். அருகிலேயே முதியோர் இல்லமும் பள்ளிகளும் இருந்தன.

அக்கா: 1984இல் போபாலில் மருத்துவர்களுக்கு என்ன வாயு என்றே முதலில் தெரியவில்லை அத்தை. நோயாளிகள் வந்து குவியும்போது எதற்கு மருந்து கொடுப்பது? ஆலையில் இருக்கும் பொருள்களின் பட்டியலும் முறிமருந்து விவரமும் பக்கத்து மருத்துவமனையிடம் முன்கூட்டியே இருந்தாக வேண்டும். உரிமத்திலேயே இதை நிபந்தனையாகப் போடச் சொல்வேன்.

மாமா: மனுவில் இதையே முதலில் எழுதுகிறேன்.

சித்தப்பா: நானும் வருகிறேன் அத்தான். தொட்டி எத்தனை டன் என்று நானே எழுந்து கேட்கிறேன்.