பணி ஓய்வுக்குப் பிறகு சுபாவத்தை மாற்றிக்கொள்ள முடியுமா?

கேள்வி: கொழிஞ்சாம்பாறை டீச்சர்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்து, சென்ற மே 31 அன்று 56 வயதில் ஓய்வு பெற்றேன். (பள்ளியில் சேர்க்கும்போது பிறந்த தேதியை மே மாதத்தில் எழுதிவைத்த அந்தக் காலத்து வழக்கத்தால், கேரள அரசுப் பணியில் என் வயதினர் பலரும் ஒரே நாளில்தான் விடைபெறுகிறோம்.) மலையாளம் சரளமாகப் பேசுவேன், ஆனால் கிராம சபை அறிவிப்பைக்கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறேன். மருமகள் மலையாளி என்பதால் இரண்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தியின் பாடப்புத்தகமும் அந்த மொழியில்தான் இருக்கிறது. மொழியை எப்படியும் கற்றுக்கொள்ளலாம். என்னை உறுத்துவது வேறொன்று: மகனின் செலவு, மருமகளின் சமையல், பக்கத்து வீட்டாரின் பேச்சு என்று எதைக் கண்டாலும் விடைத்தாளைப் போலத் திருத்தத் தொடங்கிவிடுகிறேன். இதை விட்டுவிட வேண்டும் என்று சொன்னபோது, "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நாத்தனார் சிரித்தார். உண்மையிலேயே வளையாதா?

மறுமொழி 1: குமுளிக்காரர்

டீச்சர் அவர்களுக்கு வணக்கம். அந்தப் பழமொழி பிள்ளை வளர்க்கும் பெற்றோருக்குச் சொன்ன எச்சரிக்கை. ஐம்பதைக் கடந்தவர்களுக்கு எழுதிய தீர்ப்பு அல்ல. உளவியலாளர் டேனியல் கில்பர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், 18 முதல் 68 வயது வரையிலான 19,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். எந்த வயதினரும் கடந்த பத்தாண்டுகளில் தாம் நிறைய மாறியிருப்பதாக ஒப்புக்கொண்டார்கள். வரும் பத்தாண்டுகளில் பெரிதாக மாறமாட்டோம் என்றும் நம்பினார்கள். நடந்ததை நினைவுகூர்வது எளிது, நடக்கப்போவதைக் கற்பனை செய்வது கடினம்; அந்தக் கடினத்தையே 'இனி மாற்றம் இல்லை' என்பதற்கான சான்றாக எடுத்துக்கொள்கிறோம் என்பது அவர்கள் தரும் விளக்கங்களில் ஒன்று. நாத்தனாரிடம், நாற்பத்தைந்து வயதில் அவர் எப்படி இருந்தார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

மறுமொழி 2: செங்கோட்டை வாசகர்

குமுளி ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆயினும் ஆயிரக்கணக்கானவர்களின் சராசரி ஒரு வீட்டு அடுக்களையில் நடப்பதைச் சொல்லிவிடாது. ஓய்வு பெற்றவர்களிடம் 'புதிய மனிதராகுங்கள்' என்று போதிப்பது இப்போது ஒரு வியாபாரமாகவே ஆகிவிட்டது. அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மீதமிருக்கும் காலம் குறைவு என்று உணரும்போது, மனிதர்கள் உறவுகளையும் வேலைகளையும் தாமே குறைத்துக்கொண்டு, மனத்துக்கு நெருக்கமானவற்றில் நிலைக்கிறார்கள் என்று ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லாரா கார்ஸ்டென்சன் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அதுவும் வளர்ச்சிதான். திருத்தும் கண் முப்பது ஆண்டுத் தொழிலில் வாய்த்தது. அதைப் பிடுங்கி எறிய முயன்றால் டீச்சருக்குத்தான் வருத்தம் மிஞ்சும். கேட்டால் மட்டும் சொல்வது என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டால் போதும். சமையலைப் பற்றி மருமகள் ஒருபோதும் கேட்காமலே இருக்கலாம். அதற்கும் தயாராக இருக்க வேண்டும்.

மறுமொழி 3: வேலந்தாவளம்

அக்கா, மொழி, திருத்தும் பழக்கம் என்று நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டும் ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. திருத்துகிறவர் திருத்தப்படும் இடத்தில் சில காலம் உட்கார்ந்தால், வாய் தானாக அடங்கும். மலையாளம் அதற்கு நல்ல வாய்ப்பு. நமக்கு ஒரே 'க' இருக்கும் இடத்தில் அங்கே நான்கு எழுத்துகள். பேச்சில் அந்த ஒலிகளைச் சரியாகச் சொல்பவர்களும் எழுதும்போது தடுமாறுவார்கள், டீச்சராக இருந்தாலும் தப்ப முடியாது.

ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மா 2018இல், 96 வயதில், மாநில எழுத்தறிவு இயக்கத்தின் 'அக்ஷரலக்ஷம்' தேர்வில் நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். மதிப்பெண்ணைவிட, அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் கொள்ளுப்பேரக் குழந்தைகளும் இருந்தார்கள் என்பதுதான் உங்களுக்குப் பயன்படும் செய்தி. முறையாகப் படிக்க விரும்பினால் அதே இயக்கம் 'பச்ச மலையாளம்' என்ற சான்றிதழ்ப் படிப்பை நடத்துகிறது. பஞ்சாயத்தில் 'பிரேரக்' (எழுத்தறிவு இயக்கத்தின் உள்ளூர்ப் பணியாளர்) யார் என்று விசாரித்தால் விவரம் கிடைக்கும். ஆனால் அதற்கு முன் பேத்தியின் புத்தகத்தை நீங்கள் உரக்க வாசியுங்கள். தவறுகளை அவள் சொல்லட்டும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பேத்தியிடம் படிப்பதில் எனக்குத் தயக்கம் இல்லை. மருமகள் காதில் விழும்படி தவறாக வாசிப்பதில்தான் இருக்கிறது. வேலந்தாவளத்துத் தம்பி சொல்வதைப் பார்த்தால் அங்கேதான் தொடங்க வேண்டும் போலிருக்கிறது. செங்கோட்டை ஐயா வகுத்த எல்லையை ஏற்கிறேன், மகனின் செலவு விஷயத்தில் மட்டும் ஒரு விலக்கு வேண்டும்: கடனில் வாங்கப்போவது எனக்குத் தெரிந்தால், கேட்காவிட்டாலும் சொல்வேன்.