புதுப்பிப்பு: ராமநாதபுரம் கரையோரம் மூன்று மதங்களின் தலங்கள்

கல்லூரி விடுமுறையில் நம் மாவட்டத்துக் கோயில், தர்கா, தேவாலயம் எல்லாம் பார்க்கப் போகிறேன், எங்கே தொடங்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். நிறையப் பேர் வழி சொன்னீர்கள், நன்றி. போய் வந்தாயிற்று.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சந்தனம்தான். உத்தரகோசமங்கை சிவன் கோயிலில் மரகத நடராசர் ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் அதைக் களைகிறார்கள். ஏர்வாடி தர்காவிலோ சந்தனக்கூடு விழாவில் அடக்கத்தலத்துக்குச் சந்தனம் பூசுகிறார்கள். ஓரிடத்தில் களையும் நாள் விசேஷம், மற்றதில் பூசும் நாள். "எல்லாம் ஒன்றுதானே தம்பி" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். எனக்கு அப்படித் தோன்றவில்லை அண்ணா. வேறுபாடுதான் சுவாரசியமே.

கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்களைப் பார்த்தால் கோயில் மண்டபம் நினைவுக்கு வரும். ஆனால் உருவச் சிற்பம் கிடையாது.

ஓரியூர் கொஞ்சம் கனமானது. போர்ச்சுகலில் பிறந்த கிறிஸ்தவப் பாதிரியார் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) 1693இல் தலை வெட்டப்பட்ட ஊர். அவர் ரத்தத்தால்தான் மண் சிவந்தது என்று நம்பி எடுத்துப் போகிறார்கள். இந்து வீட்டுக்காரர்களும்தான். மண்ணின் நிறத்துக்கு வேறு காரணம் இருக்கலாம். அங்கே நின்று அதைப் பேச எனக்கு மனமில்லை.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் இருக்கும் நவகிரகக் கோயிலான நவபாஷாணம் பாக்கி. கூட்டம் குறைவான நேரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.