அறிகுறி எதுவும் இல்லாமலேயே பால்வினை நோய்ப் பரிசோதனைக்குப் போனவர்கள் உண்டா?

வழிப்போக்கன்:
கல்யாணம் நிச்சயமானதும் இருவரும் சேர்ந்தே எடுத்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. என்மேல் சந்தேகமா? கேட்கவில்லை, போனேன். அதுவும் வருஷா வருஷம் முழு உடல் பரிசோதனை செய்துகொள்கிற ஆள் நான். சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வரும். அதில் பால்வினை நோய் ஒன்றுகூட இல்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. நாமாகக் கேட்டால்தான் எழுதித் தருவார்களாம்.

கவுன்ட்டரில் இருந்தவர் சீட்டை வாங்கி, "எச்ஐவி, விடிஆர்எல், ஹெபடைடிஸ் பி..." என்று ஊருக்கே கேட்கிற மாதிரி வாசித்தார். பின்னால் நின்றவர் போனிலிருந்து தலை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். இதுக்குப் பயந்தே பாதிப் பேர் போவதில்லை என்று நினைக்கிறேன்.

ரத்தத்தில் ஒன்றும் இல்லை. சிறுநீரில் எனக்குக் கிளமிடியா என்கிற பால்வினைத் தொற்று. எரிச்சல் இல்லை, கசிவு இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இருவருக்கும் ஏழு நாள் டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தார் டாக்டர். அவளுக்கு வந்து கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைத்துக்கொள்ளலாம் என்றார். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்றெல்லாம் இந்தச் சோதனை சொல்லாதாம். அந்த ஒரு வார்த்தையில்தான் எங்கள் சண்டை பாதி அடங்கியது.

மழைக்காலம்:
என் கதை வேறு. கர்ப்பமாக இருந்தபோது சிபிலிஸ் என்கிற பால்வினை நோய்க்காக எடுத்த விடிஆர்எல் ரத்தச் சோதனை பாசிட்டிவ். வீட்டில் அவரும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். அடுத்து அதை உறுதிப்படுத்த டிபிஹெச்ஏ என்ற இன்னொரு சோதனை எடுத்தார்கள், நெகட்டிவ். கர்ப்பத்தில் விடிஆர்எல் சில சமயம் இப்படிப் பொய்யாகக் காட்டுமாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? இவ்வளவு பட்டும், சோதனையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன். நிஜமாகவே சிபிலிஸ் இருந்து, தெரியாமல் விட்டால் வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். தெரிந்தால் பெனிசிலின் ஊசி இருக்கிறது.

குடுவை:
லேபில் வேலை பார்க்கிறேன். சீட்டைச் சத்தமாகப் படிப்பது தப்புதான், எங்கள் ஆட்களையும் திட்டியிருக்கிறேன்.

கிளமிடியா, கொனோரியாவுக்குச் சிறுநீர் தருகிற ஆண்கள் கவனிக்க: வழக்கமான யூரின் டெஸ்டுக்கு நடுவில் வருவதைப் பிடிப்போம், இதற்கு முதலில் வருவதைத்தான் பிடிக்கணும். அதற்கு முன் ஒரு மணி நேரமாவது போகாமல் இருக்கணும். வாய்வழி உறவு உண்டென்றால் டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். தொண்டையில் இருக்கிற கொனோரியா சிறுநீரில் தெரியாது, தொண்டையில்தான் பஞ்சுக்குச்சி விட்டு எடுக்கணும்.

இன்னொன்று, நேற்று உறவு, இன்று எச்ஐவி சோதனை என்று ஓடி வருகிறார்கள். ஆன்டிஜென் (கிருமியின் ஒரு கூறு), ஆன்டிபாடி (அதை எதிர்க்க உடல் உண்டாக்குவது) இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற லேப் சோதனையில்கூடத் தெரிய 18 முதல் 45 நாள் ஆகும். அதற்குமுன் வரும் நெகட்டிவை நம்பி உட்காராதீர்கள். பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், தடுப்பு மருந்து இருக்கிறது.

வழிப்போக்கன்:
@குடுவை மாத்திரை முடிந்துவிட்டது. போய்விட்டதா என்று உடனே பார்க்கலாமா?

குடுவை:
வேண்டாம். நாலு வாரத்துக்குள் பார்த்தால் செத்த கிருமியின் மிச்சமே பாசிட்டிவ் என்று காட்டும். மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் வாங்க. மறுபடி தொற்றியிருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.