சின்ன ஊரின் குற்றக் கணக்கு: புள்ளியியல் தெரிந்தவர்கள் உதவுங்கள்

நண்பர்களே, அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் ஹெலினா-வெஸ்ட் ஹெலினா என்று ஒரு சிறு ஊர். அங்கே வன்முறைக் குற்றங்கள் கூடுகின்றனவா, குறைகின்றனவா என்று வகுப்புக்கு ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

மக்கள்தொகையிலேயே இடிக்கிறது. 2010 கணக்கெடுப்பில் 12,282 பேர். 2020இல் 9,519 பேர்தான். இப்போது ஒரே ஒரு கொலை நடந்தாலும் கொலை விகிதம் லட்சம் பேருக்குப் பத்தைத் தாண்டிவிடும். மறு வருஷம் எதுவும் நடக்காவிட்டால் பூஜ்யம். இதை வைத்து 'ஆபத்தான ஊர்கள்' என்று பட்டியல் போடுகிறவர்களை என்ன சொல்ல! ஐந்தாண்டுச் சராசரி எடுத்தால் சரியாக இருக்குமா, இல்லை விகிதத்தையே விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் காட்டலாமா?

அப்புறம் எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) திரட்டும் குற்றத் தரவு. பழைய முறையில், கொள்ளையடித்துவிட்டு ஆளையும் கொன்றால் கொலை மட்டுமே கணக்கில் ஏறும். என்.ஐ.பி.ஆர்.எஸ். என்ற புதிய முறையில் இரண்டும் பதிவாகும். 2021ஆம் ஆண்டுக்குப் பழைய முறைத் தரவை எஃப்.பி.ஐ. ஏற்கவே இல்லை. அதனால் நாடு முழுக்கப் பல காவல் துறைகளின் எண்கள் விடுபட்டன. ஒரு குறிப்பிட்ட ஊர் எந்த ஆண்டு புதிய முறைக்கு மாறியது, எத்தனை மாதத்துக்குத் தரவு அனுப்பியது என்பதை எந்தக் கோப்பில் பார்ப்பது? ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் இதைச் செய்தவர்கள் இருந்தால் நிரலையும் பகிருங்கள்.