லண்டன் நகர மையத்தில் நல்ல காஸ்க் ஏல்: எந்த பப்பை நம்பிப் போவது?

ஆல்ட்கேட்வாசி எழுதியது:

வேலை மாற்றலாகி லண்டனுக்கு வந்து ஆல்ட்கேட் அருகே அலுவலகம் செல்லும் எனக்கு, உடன் பணிபுரியும் ஆங்கிலேயர்கள் கொண்டாடிப் பேசும் காஸ்க் ஏல் என்னும் பீப்பாய் பீர் இன்னும் பிடிபடவில்லை. ஒரு பப்பில் குடிக்கும் லண்டன் பிரைட் என்ற பீர் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கிறது; மால்ட்டின் மெல்லிய இனிப்பும் அதைத் தொடர்ந்து வரும் ஹாப்ஸ் கசப்பும் நாவில் நிற்கின்றன. நான்கு தெரு தள்ளி இன்னொரு பப்பில் அதே பீர், அதே விலையில், உயிரற்றுச் சப்பென்று காடி வாடையோடு வருகிறது. குறிப்பாக, பீப்பாயிலிருந்து ஏலை இழுத்து ஊற்றும் கைப்பம்புகள் வரிசையாக நிற்கும் பெரிய பப் ஒன்றில் திங்கட்கிழமை மாலைகளில் நல்ல பைண்ட் (அரை லிட்டருக்குச் சற்று மேலான கிளாஸ்) கிடைத்ததே இல்லை. பணம் கொடுப்பதற்கு முன்பே தரத்தைக் கணிக்க வழி உண்டா என்பதையும், மோசமான பைண்ட்டைத் திருப்பிக் கொடுப்பது இங்கே மரியாதைக் குறைவாகக் கருதப்படுமா என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

நிலவறையான் எழுதியது:

மாணவனாக இருந்த காலத்தில் பப் ஒன்றின் நிலவறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். காஸ்க் ஏல் வடிகட்டப்படாமலும் பாஸ்டரைஸ் செய்யப்படாமலும், உயிருள்ள ஈஸ்ட்டுடன் பீப்பாய்க்கு வருகிறது; பீர் ஆலையில் தொடங்கிய நொதித்தல் பப்பின் நிலவறையில்தான் முடிகிறது. நம் ஊர்க் கள்ளைப் போல அதற்கும் நேரம்தான் எதிரி, அதன் அளவுக்கு அவசரமில்லை என்றாலும். மூடிய உலோகக் கலத்தில் வரும் கெக் பீருக்குக் கரியமில வாயு காவலாக நிற்கிறது; இதற்கோ கைப்பம்பால் இழுக்கும் ஒவ்வொரு பைண்ட்டுக்கும் ஈடாகப் பீப்பாய்க்குள் வெளிக்காற்று நுழைகிறது. ஆகவே, திறந்த பீப்பாயை மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும் என்பது தொழிலின் பொது விதி.

இதிலிருந்து உங்கள் கேள்விக்கு விடை கணக்காகவே வந்துவிடும். வழக்கமான ஃபர்கின் பீப்பாய் ஒன்பது கேலன் கொள்ளும். அதாவது 72 பைண்ட். பத்துக் கைப்பம்பு வைத்திருக்கும் பப், மூன்று நாளில் 720 பைண்ட், நாளொன்றுக்கு 240 பைண்ட், காஸ்க் ஏல் மட்டுமே விற்றாக வேண்டும். சுற்றிலும் பாருங்கள்: பெரும்பாலோர் கையில் லாகரும் ஜின்னும் இருந்தால், அந்தப் பத்தில் ஏழாவது பம்பிலிருந்து வரும் பீர் என்றைக்குத் திறந்தது என்று நீங்களே ஊகிக்கலாம். இரண்டோ மூன்றோ பம்பு மட்டும் வைத்து, அவற்றையே எல்லோரும் கேட்டு வாங்கும் பப்தான் பாதுகாப்பானது. பிரிக் லேனை ஒட்டிய ஹெனேஜ் தெருவில் இருக்கும் பிரைட் ஆஃப் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் என்ற பப் உங்களுக்கு நடைதூரம். லண்டன் பிரைட்டை அங்கிருந்து தொடங்கிப் பாருங்கள்.

திங்கட்கிழமைப் புதிருக்கும் இதுவே காரணமாக இருக்கலாம். சிட்டி எனப்படும் நிதி அலுவலகப் பகுதியின் பல பப்புகள் அலுவலகக் கூட்டத்தையே நம்பியிருப்பவை. வார இறுதியில் மூடிவிடுகின்றன. வியாழனன்று திறந்த பீப்பாய் சனியும் ஞாயிறும் சும்மா கிடந்துவிட்டுத் திங்களன்று உங்கள் கிளாசுக்கு வருகிறது. அங்கே வியாழன் மாலை குடியுங்கள்.

கெண்டிஷ்டவுன் செழியன் எழுதியது:

மேலே நண்பர் சொன்னதில் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். விற்பனை வேகமே எல்லாம் என்றால், பெரிய ரயில் நிலையங்களை ஒட்டிய பப்புகளில்தான் நகரத்தின் சிறந்த ஏல் கிடைக்க வேண்டும், அப்படிக் கிடைப்பதில்லை. வேகம் கூடும்போது எதிர்ப்பக்கத்தில் ஒரு தவறு நேர்கிறது. பீப்பாய் வந்து சேர்ந்ததும் அதைத் தாங்கியில் கிடத்தி, மேல் துளையில் நுண்துளை கொண்ட மர ஆப்பைச் செருகி, மிகுதியான வாயு வெளியேறவும் ஈஸ்ட் அடியில் படியவும் அவகாசம் தர வேண்டும். யார்க்‌ஷயரின் கீத்லியிலிருந்து வரும் டிமதி டெய்லர் லேண்ட்லார்ட் இதற்கு நல்ல சான்று. துடிப்பு மிகுந்த அந்தப் பீர் சில நாட்கள் நிலவறையில் அமைதியாகக் கிடந்தால்தான் தன் மணத்தைக் காட்டும். கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் அவசரமாகத் திறக்கும் பப்பில் அதே லேண்ட்லார்ட் முரட்டுக் கசப்பும் ஈஸ்ட் நெடியுமாக வரும்; பழசும் அல்ல, கெட்டதும் அல்ல, வெறுமனே முதிராதது. லண்டனில் நான் சந்திக்கும் மோசமான பைண்ட்களில் இந்த வகை ஒன்றும் குறைவில்லை.

எனவே பம்புகளை எண்ணுவதைவிட, நிலவறையைக் கவனிக்கும் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதே மேல். சாரிங் கிராஸ் பக்கத்துச் சாண்டோஸ் பிளேசில் உள்ள தி ஹார்ப் பம்பு வரிசை நீண்ட பப்தான். ஆனால் வருகிறவர்கள் ஏலுக்காகவே வருவதால் காஸ்க் ஏலுக்காகக் குரல் கொடுக்கும் நுகர்வோர் அமைப்பான காம்ராவின் 2010ஆம் ஆண்டுக்கான தேசிய பப் விருதை வென்றது, லண்டன் பப்களில் முதலாவதாக. பரோ பகுதியின் டபார்ட் தெருவில் உள்ள ராயல் ஓக் பப்பில், லூயிஸ் நகரத்து ஹார்வீஸ் ஆலையின் பீர்களே பிரதானம். அவர்களது சசெக்ஸ் பெஸ்ட் பீரில் ஆல்கஹால் நான்கு சதவீதம்தான் என்பதால் இரண்டாவது பைண்ட்டுக்குத் தயங்க வேண்டாம்.

மான்செஸ்டர் மங்கை எழுதியது:

திருப்பிக் கொடுப்பது பற்றி யாரும் சொல்லவில்லையே. தாராளமாகக் கொடுக்கலாம், பாதி குடித்த பிறகு அல்ல, இரண்டு மிடறுக்குள். “இந்த பீப்பாய் முடியும் தறுவாயில் இருக்கிறது போலிருக்கிறதே” என்று மென்மையாகச் சொன்னால் போதும். நல்ல பப்பில் மறுபேச்சின்றி வேறு பைண்ட் தருவார்கள், அந்தப் பீர் இப்போது இல்லை என்பதற்கு அடையாளமாகப் பம்பின் மேல் இருக்கும் பெயர் அட்டையையும் திருப்பி வைப்பார்கள். வாங்குவதற்கு முன் சிறிது சுவை பார்க்கக் கேட்பதும் இங்கே வழக்கம்தான், கவுன்ட்டரில் மூன்று வரிசைக் கூட்டம் நிற்கும்போது மட்டும் வேண்டாம்.

எதைத் திருப்ப வேண்டும் என்பதில் கவனம் தேவை. காடிப் புளிப்பு, ஈர அட்டை வாடை, வெதுவெதுப்பு ஆகியவை பப்பின் குற்றங்கள். 11 முதல் 13 டிகிரி வரை இருப்பது குற்றம் அல்ல, அதுதான் சரியான நிலவறைக் குளிர்ச்சி. நுரை குறைவாக இருப்பதும் குறை அல்ல. வடக்கே எங்கள் பக்கம் பம்பு மூக்கில் ஸ்பார்க்லர் என்ற சிறு துளைகள் கொண்ட மூடியை மாட்டிக் கெட்டியான நுரையோடு ஊற்றுவார்கள், லண்டனில் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. கலங்கலாக இருப்பதெல்லாம் கெட்டதும் அல்ல. பீரைத் தெளிய வைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பது நெடுநாள் வழக்கம்; அதைச் சேர்க்காமல் விடும் ஆலைகளின் பீர் இயல்பாகவே மங்கலாக இருக்கும். சைவ உணவுக்காரர்கள் அந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

ஆல்ட்கேட்வாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. சில பப் வாசல்களில் காஸ்க் மார்க் என்ற பட்டயம் தொங்குகிறதே, அதை நம்பலாமா? நல்ல பப்புகளைப் பட்டியலிடும் காம்ராவின் குட் பீர் கையேடு வாங்குவது பயன் தருமா?

நிலவறையான் எழுதியது:

காஸ்க் மார்க் ஆய்வாளர்கள் முன்னறிவிப்பின்றி வந்து வெப்பநிலை, தோற்றம், மணம், சுவை ஆகியவற்றைச் சோதிப்பவர்கள். அந்தப் பட்டயம் இருந்தால் அடிப்படைத் தரம் உண்டு என்று கொள்ளலாம். ஆனால் அது கட்டடத்துக்கு அல்ல, பப்பை நடத்துபவருக்கு வழங்கப்படுவது. அவர் மாறியிருந்தால் புதியவரும் தேறியிருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குட் பீர் கையேடு 1974 முதல் வருகிறது. அந்தந்த வட்டாரத்து உறுப்பினர்கள் ஆண்டு முழுவதும் குடித்து மதிப்பெண் இட்டுத் தேர்ந்தெடுப்பதால், இரண்டில் ஒன்றைத்தான் நம்ப வேண்டும் என்றால் நான் இதையே சொல்வேன். பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். மேலே செழியன் சொன்னது இந்த இடத்தில் முழுக்கச் சரி: நிலவறையைப் பார்த்துக்கொண்டவர் போய்விட்டால், ஒரு மாதத்துக்குள் பீரிலேயே தெரிந்துவிடும்.